அக்கா காத்திருந்த மருந்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்து, அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, கொழுந்து எடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். கோயில் திருவிழா மலருக்கு நாலு வரி வாழ்த்து கேட்டாலே எனக்குக் கை வியர்த்துவிடும். அதோடு இது பெண்களின் உடம்பைப் பற்றிய சங்கதி. எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் பெண்களே பெண்களிடம் சொல்லிக்கொள்வதில்லை. பிள்ளையார் சுழி போட்டுவிட்டு மூடி வைத்த தாள்கள் எத்தனையோ. இன்று முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் சண்டை ஓய்ந்து, பாதைகள் திறந்து, ஜனங்கள் கொஞ்சம் மூச்சுவிட்ட காலம் அது. என் அக்கா பாக்கியம் எப்போதோ கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவள். தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. கொடைக்கானல் மலையில் குடியேறி, அத்தான் காலமான பிறகும் அங்கேயே காரட் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துத் தன் ஒரே மகள் சுகந்தியைப் படிக்க வைத்தாள். சுகந்தி சென்னையில் புற்றுநோய் மருந்து ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேள்வி.

"ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் கொடைக்கானல்ல கூடுறாங்களாம்டி. எம்மக மேடையில பேசப் போறா. நீ வந்து பக்கத்துல உக்காரு. அப்படியே பழனிக்கும் போயிட்டு வருவோம்" என்று அக்கா டெலிபோனில் சொன்னாள்.

பழனி என்ற சொல் வந்த பிறகு நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "கதிர்காமத்துக் கந்தன் கோவிச்சுக்கப் போறாரு, பாத்து" என்று சிரித்தார்.

முதல் நாள், மலையடிவாரத்தில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் சுகந்தி எனக்காகக் காத்திருந்தாள். படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை. "சின்னம்மா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அச்சு அசல் அக்காவின் நெற்றி. சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி என் பையில் திணித்தாள். தோல் கறுத்து, பார்க்க ஒன்றுமில்லாத பழம். வாயில் போட்டால் அப்படி ஒரு ருசி.

கொடைக்கானல் பஸ் வந்தது. அது நிற்கும் முன்பே ஜனங்கள் ஓடினார்கள். நானும் தோட்டத்து லாரியில் ஏறிப் பழகியவள்தானே, முந்திக்கொண்டு ஏறிவிட்டேன். ஜன்னலோரம் ஒரு சீட் காலியாக இருந்தது. அதில் ஒரு பழைய துண்டு கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மீசைக்காரர் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏம்மா, துண்டு கெடக்குறது கண்ணு தெரியலயா?"

"துண்டுதானே கெடந்துச்சு. ஆள் இல்லியே?"

பஸ்ஸே சிரித்துவிட்டது. "துண்டு கெடந்தா ஆளே கெடந்த மாதிரிங்க" என்றார் அவர், சட்டம் சொல்வதுபோல. பின்சீட்டில் ஒரு பெண், "விடுங்கண்ணே, வெளியூர்க்காரவங்க போல" என்றாள். அவர் விடுவதாக இல்லை. நான் எழுந்துவிட்டேன். அதற்குள் சுகந்தி வேறொரு ஜன்னல் வழியாகத் தன் துப்பட்டாவை வீசி எங்களுக்கு இரண்டு சீட் பிடித்திருந்தாள். எங்கள் நாட்டில் முன்சீட் சாமியார்களுக்கு என்று எழுதி வைத்திருப்பார்கள். மற்ற சீட்டெல்லாம் முட்டி மோதுகிறவனுக்கு. ஒரு துணிக்கு இத்தனை மரியாதையை நான் பார்த்ததே இல்லை.

பாதி மலையில் பஸ் புகைந்து நின்றது. "பயப்படாதீங்க, வண்டிக்குத் தாகம். ஊத்துத் தண்ணி குடிச்சா ஏறிரும்" என்று கண்டக்டர் இறங்கிப் போனார். எல்லோரும் இறங்கினோம். மிளகாய்த்தூள் தடவிய கொய்யாக்காய் வாங்கினேன். முதல் கடிக்கு முன்பே ஒரு குரங்கு வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. அது மிளகாயைத் துடைத்துவிட்டுத் தின்றதைப் பார்த்து எனக்குக் கோபமே வரவில்லை.

கொடைக்கானல் பஜாரில் இறங்கியதும் காதர் பாய் கடைக்குக் கூட்டிப் போனாள் சுகந்தி. யூகலிப்டஸ் தைலமும் ஸ்வெட்டரும் விற்கிற கடை. அக்கா வீட்டில் போன் கிடையாது. என்னோடு பேசுவது, சுகந்தியோடு பேசுவது எல்லாம் பாய் கடைப் போனில்தான்.

"வாங்க வாங்க சிலோன் தங்கச்சி!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நம்ம பாப்பா கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிருச்சு, தெரியும்ல? இந்தா, இந்தப் போன்லதான் சேதி வந்துச்சு. பஜார் பூரா அல்வா குடுத்தேன்."

"பாய் மாமா, அது மருந்து இல்ல. நான் அன்னைக்கே..." என்று சுகந்தி ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா, தன்னடக்கத்த! படிச்ச புள்ளைக்கு அதான் அழகு." பக்கத்துக் கடைக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். "ஏம்மா, எங்க மச்சானுக்குச் சுகரு. அதுக்கும் ஏதாச்சும் கையோட பாத்துரும்மா." சுகந்தி என்னைப் பார்த்து, 'என்ன செய்ய?' என்பதுபோலச் சிரித்தாள்.

மறுநாள் சுகந்தி வெள்ளனே எழுந்து மண்டப வேலையாக டவுனுக்குப் போய்விட்டாள். அக்காவும் நானும் வீட்டில். எங்கள் தோட்டத்துக் குளிர் ஈரக் குளிர், கம்பளிக்குள் நசநசவென்று இருக்கும். கொடைக்கானல் குளிர் வெயிலிலேயே நின்று கடிக்கிறது. அக்கா தேங்காய் ரொட்டி சுட்டு, இடித்த சம்பல் வைத்துக் கொடுத்தாள். ஊரை விட்டு வந்து இத்தனை காலமாகியும் கைப்பக்குவம் மாறவில்லை. தேத்தண்ணி மட்டும் இந்த ஊர் மாதிரியே பால் ஊற்றிக் கொதிக்கக் கொதிக்க வைக்கிறாள். "தூளைக் கொல்றியே அக்கா" என்றேன். "போடி, கொழுந்து எடுக்கிறவளுக்கு வாய்க்கொழுப்பு" என்றாள்.

தேங்காயைத் துருவும்போது இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாள். அதைக் கவனித்தேன். கேட்கவில்லை.

வெந்நீர் போட்டு, "முதுகு தேச்சு விடுடி" என்றாள். சின்ன வயதில் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் ஒருவருக்கொருவர் செய்தது. சேலையைத் தளர்த்தியபோது இடது மார்பில் அதைப் பார்த்துவிட்டேன். தோல் சுருங்கி உள்ளே இழுத்திருந்தது. கையில் இருந்த செம்பு நழுவியது.

"பாத்துட்டியா?" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"எப்போலருந்து?"

"கார்த்திகைக்கு முன்ன. மொச்சக்கொட்ட கணக்கா இருந்துச்சு. இப்ப நெல்லிக்கா."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எதுக்கு? எம்மகளே மருந்து செய்யிறா. போன மாசம் போன்ல என்ன சந்தோசங்கிற அவளுக்கு! 'அம்மா, நாங்க செஞ்சது வேல செய்யிது, நோயத் தூண்டுறத அப்படியே தடுத்துருச்சு'ன்னா. தடுத்துருச்சுல்ல? இனி பொட்டலம் கட்ட வேண்டியதுதான் பாக்கி."

எனக்கும் அப்போது அவளுக்கு மேல் ஒன்றும் தெரியாது.

"அவகிட்ட சொன்னியா அக்கா?"

"சொன்னா சோலிய விட்டுட்டு ஓடி வந்து உக்காந்துக்குவா. மருந்து நின்னு போகும்." சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். "பழனி ஆண்டவன்கிட்ட வேண்டிக்கிட்டேன்டி. எம்மக மருந்த மொதல்ல நாந்தான் சாப்புடுவேன். புது மருந்து, யாருக்கு எப்படி ஒத்துக்குமோ. ஊரார் பெத்த புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா அந்தப் பாவம் எம்மக தலையில விழும். எனக்கு ஆச்சுன்னா நானே சரின்னு போயிருவேன். அதுவரைக்கும் வேற மருந்தும் இல்ல, கத்தியும் இல்ல. சொல்லிட்டேன் அவன்கிட்ட."

ஆசைக்காக அவள் காத்திருக்கவில்லை. மகள் மேல் பழி வரக்கூடாது என்று காத்திருக்கிறாள். அது புரிந்ததும் என்னால் அவளைத் திட்டவும் முடியவில்லை. சாமி படத்தின் முன்னால் என்னை நிறுத்தி, திருநீற்றில் கை வைக்கச் சொல்லி, சுகந்தியிடமோ வேறு யாரிடமோ சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். திருநீற்றில் வைத்த வாக்கை நான் மீறியவள் இல்லை.

எங்கள் லயத்தில் இப்படி ஒரு கட்டியை முந்தானைக்குள் மூடி வைத்திருந்தவளை எனக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும்போது என் பக்கத்தில்தான் நிற்பாள். அவள் இடம் காலியான காலை என் கண்ணிலேயே நின்றது. அன்று பகல் முழுக்கப் பூண்டு உரித்தபடி அக்காவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் முருகா முருகா என்றே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை மூவரும் குறிஞ்சி ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனோம். அக்கா பட்டுச்சேலை, அதன் மேல் மகளின் பெரிய ஸ்வெட்டர். வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர், மற்றதெல்லாம் நம் ஆட்கள், எல்லோர் கழுத்திலும் அட்டை. வாசலில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். அக்கா ஒரு பிஸ்கட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "எதுக்குக்கா?" என்றால், "காதர் பாய் சம்சாரத்துக்கு" என்கிறாள்.

பேச்சு முழுக்க இங்கிலீஷ். சுகந்தியோடு வேலை பார்க்கும் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். திரையில் வண்ண வண்ணமாக நூல் பந்து போல ஒன்று சுழன்றது. அது செல்லுக்குள் இருக்கிற புரதமாம். அதன் ஒரு பக்கத்தில் சின்னப் பள்ளம். இன்னொரு புரதத்தின் வால் வந்து அந்தப் பள்ளத்தில் பொருந்தினால், 'வளரு, பெருகு' என்று செல்லுக்கு உத்தரவு போகுமாம். நல்ல உடம்பில் அந்த உத்தரவு வேண்டிய நேரத்துக்கு வந்து நின்றுவிடும். புற்றுநோயில் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். சுகந்தி செய்தது, அந்த வாலைப் போலவே ஒரு குட்டிச் சங்கிலி. பெப்டைடு என்று பெயர். மணி கோத்ததுபோலச் சில துணுக்குகளைக் கோத்துச் செய்கிறார்கள். முதலில் கம்ப்யூட்டரிலேயே எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்று மாற்றி மாற்றிப் பார்த்து, பிறகு நிஜமாகச் செய்வார்களாம். பள்ளத்தில் அது போய் முந்திக்கொண்டால், உத்தரவு கொண்டு வருகிறவனுக்கு இடம் இல்லை.

பேசி முடித்ததும் கைதட்டினார்கள். அக்கா எல்லோருக்கும் கடைசியாகத்தான் தட்டுவதை நிறுத்தினாள். பிறகு வயதான வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்து நிதானமாக ஏதோ கேட்டார்.

"என்னம்மா கேக்குறாரு?" என்றேன்.

"இது ரத்தத்துல எவ்வளவு நேரம் தாங்கும்னு கேக்குறாரு."

"சுகந்தி என்ன சொல்லுது?"

"நிமிஷக்கணக்குலதான் தாங்கும்னு சொல்றாங்க. நம்ம உடம்பே அதை வெட்டிப் போட்டுருமாம். செல்லுக்குள்ள நுழையவும் இன்னும் வழி இல்ல. இதுவரை சோதனைக் குழாயில மட்டும்தான் செஞ்சு பாத்திருக்கோம், எலிக்குக்கூடக் கொடுக்கலன்னு சொல்றாங்க."

அக்கா என் தொடையைத் தட்டி, "என்ன சொல்றாங்க? நல்லாருக்குன்னுதான?" என்றாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது. சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கேட்க மாட்டேன் என்று செய்யவில்லையே. அதை என் புத்தி என்று நான் நினைக்கவில்லை.

சாப்பாடு முடிந்து ஏரிக்கரைக்குப் போனோம். சோளக்கதிர் சுட்டு விற்றார்கள், எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மிதி படகைப் பின்பக்கமாகவே மிதித்துக்கொண்டு போய்ப் புதரில் முட்டி நின்றது. அக்கா அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். அக்கா நடுவில்.

"சுகந்தி, நீ செஞ்சத எனக்குப் புரியிற மாதிரி சொல்லேன்" என்றேன்.

"சின்னம்மா, வத்தலக்குண்டுல அந்த மீசைக்காரர் துண்டு போட்டாருல்ல? அதுதான். நான் ஒரு துண்டு நெய்திருக்கேன். அந்தப் பள்ளம்தான் சீட்டு. கெட்ட சேதி கொண்டு வர்றவன் உக்கார வருவான். துண்டு கெடந்தா எந்திரிச்சுப் போயிருவான்."

அக்கா பெருமையாக என்னைப் பார்த்தாள்.

"அப்ப இந்தத் துண்டு ஒரு நோயாளிக்கு எப்ப வரும்?" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "இப்ப ஒருத்திக்கு நோய் இருக்குன்னு வையி. அவ ஒனக்காகக் காத்திருக்கலாமா?"

சுகந்தி உடனே பதில் சொன்னாள். "ஐயையோ, காத்திருக்கக் கூடாது சின்னம்மா. நான் துண்டு போட்டது ஓடாத பஸ்ல. ஷெட்டுல நிக்கிற பஸ். ஓடுற பஸ்ல போட்டா யாராச்சும் எடுத்து வெளிய எறிஞ்சிருவாங்க. உடம்பு அப்படித்தான், சின்னச் சங்கிலியக் கண்டா வெட்டிப் போட்டுரும். அது வெட்ட முடியாதபடி ரெண்டு முனையையும் சேத்து வளையமா செய்யணும். செல்லுக்குள்ள போக வழி பாக்கணும். அப்புறம் எலி, அப்புறம் பெரிய மிருகம், அப்புறம்தான் மனுஷங்க. அதுல எந்தப் படியிலயும் தோத்துப் போகலாம். பெரும்பாலும் தோக்கும். என் வாழ்நாள்ல யாராச்சும் ஒருத்தருக்கு இது மருந்தாச்சுன்னா அதுவே பெரிய அதிர்ஷ்டம்."

அக்கா கையில் இருந்த சோளக்கதிர் மடியில் இறங்கியது.

"அப்ப இது மருந்து இல்லியா?"

"இல்லம்மா. அன்னைக்கே சொல்ல வந்தேன். பாய் மாமா போனப் பிடுங்கி வாழ்த்து சொன்னாரு, அப்புறம் எல்லாரும் அல்வா அல்வான்னு..." சிரித்துக்கொண்டே சொன்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஏம்மா?"

அக்கா படகுத்துறைப் பக்கம் பார்த்தபடியே மகளின் வலது கையை எடுத்து, ஸ்வெட்டருக்குள் கொண்டுபோய், அந்த இடத்தில் வைத்தாள்.

சுகந்தியின் கை அங்கேயே நின்றது. குதிரைக்காரர் ஒருவர் வந்து, "ரவுண்டு போலாங்களா, நல்ல குதிர" என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் போய்விட்டார்.

"எப்பருந்தும்மா?"

"கார்த்திகை."

"ஏம்மா எங்கிட்ட..."

"ஒனக்காகத்தான்டி இருந்தேன்."

சுகந்தி அழவில்லை. அம்மாவின் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டாள். ஒன்றைத் தவறாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள். "அம்மா, நான் இந்த நோயோட ஒரே ஒரு புரதத்தோட ஒரே ஒரு பள்ளத்தப் படிச்சவ. நோயப் பாக்கத் தெரிஞ்சவங்க டாக்டருங்க. மதுரைக்குப் போறோம். நாளைக்கே."

"ஆண்டவனுக்குச் சொல்லிட்டேனே" என்றாள் அக்கா. "சொன்னத மாத்திட்டு அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

சுகந்தி அம்மாவின் மடியில் கிடந்த சோளக்கதிரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள். "சரிம்மா. மொதல்ல பழனி. அங்கருந்து நேரா மதுரை. நீயே அவர்கிட்ட பேசு."

நாலாம் நாள் காதர் பாய் தன் வேனிலேயே கூட்டிப் போவதாக நின்றார். விஷயத்தை சுகந்தி அவரிடம் சொல்லியிருந்தாள். வழக்கமாக வாய் ஓயாத மனிதர் அன்று ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தார். பழனி இறக்கத்தில் மூடுபனி. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. "இத இப்படித்தான் வச்சிருப்பேன்னு எங்க வீட்ல சொல்லும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே ஏறி வந்த ஜீப் ஒன்றில் டயரைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ரோட்டோரம் விரிப்பை விரித்துத் தொழுதார். தொழுது எழுந்து வந்து அக்காவின் எதிரில் கல்லில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டம்மாவுக்கும் இதேதான். மதுரையில ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டாங்க. முடி பூரா கொட்டிருச்சு. முக்காடு போட்டிருந்தா, யாருக்கும் தெரியல. இப்ப ஆளு எப்படி இருக்கா? நேத்துகூட என்னய வெரட்டி வெரட்டி ஏசுனா."

அக்கா வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தாள். "தெனம் ஒங்க வீட்டுத் தண்ணியக் குடிக்கிறேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே பாய்?"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்?"

அக்கா சிரித்துவிட்டாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் பயமில்லாமல் சிரித்த சிரிப்பு அதுதான் என்று எனக்குப் பட்டது. பிறகு நெடுநேரம் தன் பின்னலை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நரை குறைவு. இடுப்பைத் தாண்டி இருக்கும்.

டயர் ஒட்டி வந்த பிறகு கிளம்பி, பழனி அடிவாரத்தில் இறங்கியதும் நேராக முடி இறக்கும் மண்டபத்துக்கு நடந்தாள். எங்களிடம் கேட்கவில்லை.

"அம்மா, முடியா? அதுக்கு வேண்டுதல் இல்லியே?"

"கொட்டிக் குப்பைக்குப் போறத அவனுக்குக் குடுத்துட்டுப் போறேன். ஒரு சொல்ல மாத்திக்கிறேன்னா வெறுங்கையோட போய் நிக்கக் கூடாது."

நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்து, "மொட்டையா, பூ முடியாம்மா?" என்று கேட்டார். பெண்கள் பெரும்பாலும் நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். "மொட்டை" என்றாள் அக்கா. பின்னல் தரையில் விழுந்தபோது சுகந்தி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அங்கேதான் அழுதாள். அக்கா தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, "சீ, குளிருதுடி" என்று எழுந்து வந்தாள்.

இழுவை ரயிலில் மேலே போனோம். நான் கதிர்காமத்தில் வருடா வருடம் திரையைக் கும்பிட்டவள். அங்கே சாமி திரைக்குப் பின்னால் இருக்கிறார். படம் வரைந்த துணியைத்தான் பார்ப்போம். இங்கே திரை இல்லை. கோவணமும் தண்டுமாக, ஒன்றும் வைத்துக்கொள்ளாத பிள்ளையாக அவன் நின்றான். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கண்ணால்தான் கேட்டேன். "நகருங்க, நகருங்க, பின்னால ஆள் வருது" என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன். "என்னக்கா சொன்ன?"

"எங்க சொல்ல விட்டாங்க? மொகத்தக் காட்டுனேன். அவனும் பாத்தான். அவனும் ஆண்டியாத்தான நிக்கிறான், மொட்டைக்கு மொட்டை புரியாதா?"

பஞ்சாமிர்தத்தை வாழையிலையில் வைத்து மூவரும் தின்றோம். பாய்க்கு ஒரு டப்பா. அன்று சாயங்காலமே மதுரையில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். அக்காவைப் பார்த்த டாக்டரம்மா அதட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. "வந்துட்டீங்கல்ல, அது போதும்" என்றார். ஆபரேஷன் முடிந்து அக்கா கண் விழிக்கும்வரை இருந்துவிட்டுத்தான் நான் ஊர் திரும்பினேன்.

அக்கா இருக்கிறாள். இடது கை சில நாள் வீங்கும். கனம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதைக் கேட்பதில்லை. முடி மறுபடி வளர்ந்து இப்போது தோளில் புரளுகிறது. சுகந்தியின் அந்தச் சங்கிலி பிறகு ஒரு படியில் தோற்றுவிட்டது. வளையமாக வேறொன்று செய்துகொண்டிருக்கிறாள். அது இன்னும் குழாயைத் தாண்டவில்லை. தாண்டவில்லை என்பதை இப்போதெல்லாம் பஜாரில் நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்கிறாளாம்.

நான் ஊருக்கு வந்து இந்தக் கதையை எங்கள் லயத்தில் சொன்னேன். அடுத்த கிழமைக்குள் அது வேறு கதையாகித் திரும்பி என்னிடமே வந்தது. பாக்கியத்தின் மகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துத் தாயைக் காப்பாற்றிவிட்டாள் என்றார் ஒருவர். பழனியில் மொட்டை போட்டதும் கட்டி கரைந்து போயிற்று, கத்தியே படவில்லை என்றார் இன்னொருவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சந்தோஷத்தில் கூட்டிச் சொன்னார்கள். முருகனை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அக்காவை மதுரை வாசல்வரை நடத்திக் கூட்டிப் போனவன் அவன்தான். ஆனால் கட்டியை எடுத்தது டாக்டரின் கத்தி. மகளின் மருந்து இன்னும் வரவில்லை.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோயிலிலோ, கொழுந்து நிறுக்கும் இடத்திலோ, பஸ்ஸிலோ, யாரிடமாவது இதைச் சொல்வீர்களானால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். கத்தியை விட்டுவிடாதீர்கள். மருந்து வந்துவிட்டது என்று சேர்த்துவிடாதீர்கள். கேட்கிறவர்களில் முந்தானைக்குள் மூடி வைத்திருப்பவள் ஒருத்தி இருக்கலாம். நீங்கள் ஆசையாய்ச் சேர்த்த ஒரு சொல்லை நம்பி அவள் காத்திருப்பாள்.